சங்கத்துக் காபி வீட்டில் ஏன் சொதப்புகிறது: அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழி

போன சித்திரையில் பழனி மலைப் பக்கம் சிறு விவசாயிகள் சேர்ந்து நடத்தும் சங்கம் ஒன்றிலிருந்து அரைக்கிலோ காபிக்கொட்டை வரவழைத்தேன். முழுக்க அரபிகா, சிக்கரி கிடையாது, மிதமான வறுவல், பையின் மேல் வறுத்த தேதியும் லாட் எண்ணும் கையால் எழுதியிருந்தது. விலை, நான் வழக்கமாகத் தெருமுனையில் வாங்கும் பொடியைப் போல இரண்டரை மடங்கு. முதல் நாள் டிகாஷன் புளித்தது. இரண்டாம் நாள் பால் திரிந்தது. மூன்றாம் நாள் வீட்டில் எல்லாரும் பழைய பொடிக்கே திரும்பிவிட்டார்கள். பையில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டு, எடுத்தவரிடம் மூச்சு விடாமல் பொரிந்து தள்ளினேன். சங்கத்துச் செயலாளராம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றுதான் கேட்டார்: "சார், போர் தண்ணியா, மெட்ரோ தண்ணியா?"

எனக்கே தெரியாது. எங்கள் அபார்ட்மென்ட் சம்பில் இரண்டும் கலந்துதான் மேலே ஏறும், கோடையில் லாரித் தண்ணீரும் சேரும்.

அந்தப் போனுக்குப் பிறகு ஒரு வருஷமாக வெவ்வேறு மலைகளிலிருந்து இப்படிப்பட்ட காபி வாங்கி, கெடுத்து, சரி செய்து பார்த்ததில் எனக்குப் பிடிபட்டதைத்தான் கீழே எழுதுகிறேன். நம் கைக்கு வரும் கொட்டை பறிப்பு, பல்ப்பர் (பழத்தின் தோலை உரிக்கும் மெஷின்), ஊறல், களம், க்யூரிங் (காய்ந்த கொட்டையின் மேலோட்டை நீக்கித் தரம் பிரிப்பது), வறுவல் என்று பல கை மாறி வருகிறது; வந்த பிறகு நம் அரைவை, நம் தண்ணீர், நம் பில்டர், நம் பால். தப்பு இதில் எங்கே வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். என் கணக்கில் பத்தில் ஏழெட்டு தப்பு பை சென்னைக்கு வந்து சேர்ந்த பிறகு நடந்ததுதான். மீதி உண்மையிலேயே மலையில் நடந்தது, அதைக் கண்டுபிடித்துச் சொன்னால் சங்கத்துக்கும் உபயோகம்.

முதலில் டம்ளர் சோதனை

எந்த அறிகுறியாக இருந்தாலும் இதைச் செய்யாமல் கீழே போகாதீர்கள். காபி தரம் பார்ப்பவர்கள் செய்வதன் வீட்டு வடிவம் இது. ஒரே அளவான ஐந்து டம்ளர், ஒவ்வொன்றுக்கும் 8 கிராம் கொட்டை, தனித்தனியாக எடை போட்டுத் தனித்தனியாகக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும், மொத்தமாக அரைத்துப் பிரித்துப் போடக் கூடாது. ஒவ்வொரு டம்ளரிலும் கொதித்து அரை நிமிஷம் ஆறிய தண்ணீர் 150 மில்லி. நான்கு நிமிஷம் தொடாமல் விட்டால் மேலே பொடி ஆடை போலக் கட்டியிருக்கும், அதை ஸ்பூனால் உடைத்து, உடைக்கும்போதே மூக்கை வைத்து முகர்ந்து, நுரையை எடுத்துப் போட்டுவிட்டு, ஆறட்டும். வெதுவெதுப்பாக ஒரு தடவை, நன்றாக ஆறியபின் இன்னொரு தடவை ருசி பாருங்கள். சூட்டில் ஒளிந்திருந்த குறையெல்லாம் ஆறும்போது வெளியே வந்துவிடும்.

ஏன் ஐந்து, ஏன் தனித்தனி அரைவை? 8 கிராம் என்றால் சுமார் ஐம்பது அறுபது கொட்டை. அதில் அழுகல் கொட்டை ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்த டம்ளர் மட்டும் நாறும், பக்கத்து டம்ளர் சுத்தமாக இருக்கும். மொத்தமாக அரைத்தால் அந்த நாற்றம் ஐந்திலும் பரவி, எல்லாமே 'என்னவோ சரியில்லை' என்கிற மாதிரி இருக்கும், காரணம் பிடிபடாது.

ஐந்தும் சுத்தமாக இருந்தால் கொட்டை மேல் பழி போட வேண்டாம், பில்டரையும் பாலையும் பாருங்கள். ஒன்றோ இரண்டோ மட்டும் கெட்டிருந்தால் பழம் பறித்ததிலோ தரம் பிரித்ததிலோ கோளாறு. ஐந்திலும் ஒரே குறை என்றால் தண்ணீர், வறுவல், உலர்த்தல், வைத்திருந்த விதம் இந்த நான்கில் ஒன்று. கடையில் விற்கும் பாட்டில் தண்ணீரில் ஆறாவது டம்ளர் போட்டு அதில் குறை மறைந்தால் உங்கள் தண்ணீர்தான் குற்றவாளி, மீதி மூன்றையும் விட்டுவிடலாம்.

டிகாஷன் இறங்கவே இல்லை

ராத்திரி போட்டுவிட்டுப் படுத்து, காலையில் பார்த்தால் மேலே குளம் போல நிற்கிறது. பெரும்பாலும் மிக்ஸியில் அரைத்த பொடி. மிக்ஸி பாதியைத் தூளாகவும் பாதியை ரவையாகவும்தான் அரைக்கும், அந்தத் தூள் போய் ஓட்டையை அடைக்கும். மிக்ஸியை விட்டால் வழியில்லை என்றால் மூன்று நொடி ஓட்டி நிறுத்தி, ஜாரைக் குலுக்கி, மறுபடி மூன்று நொடி. அப்புறம் டீ வடிகட்டியில் ஒரு தடவை சலித்து மாவு போன்றதைத் தள்ளிவிடுங்கள்.

பொடி சரியாக இருந்தும் நிற்கிறதா? மேல் பாத்திரத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். போர் தண்ணீர் வீடுகளில் பாதி ஓட்டை உப்புப் படிந்து மூடியிருக்கும். புளிக்கரைசலிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். அடுப்புத் தணலில் காட்டுவது பாட்டி காலத்து வைத்தியம், எவர்சில்வருக்கும் பித்தளைக்கும் சரி, பிளாஸ்டிக் கைப்பிடி வைத்ததைக் காட்டித் தொலைக்காதீர்கள்.

இன்னொன்று காற்று. மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தில் இறுக்கமாக உட்கார்ந்தால் உள்ளே உள்ள காற்று வெளியேற வழியில்லாமல் டிகாஷனைத் தடுத்துவிடும். மேலதை லேசாகத் தூக்கி வையுங்கள், 'சொட்' என்று ஆரம்பிக்கும்.

புதிதாக வறுத்த கொட்டையில் இன்னொரு கூத்தும் உண்டு. வறுத்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தால் உள்ளே கரியமில வாயு நிறைய இருக்கும், வெந்நீர் பட்டதும் நுரைத்துப் பொங்கி மேலே வைத்த தட்டையே தூக்கிவிடும், தண்ணீர் ஓரமாக வழிந்து இறங்கும். முதலில் பொடி நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றி, முக்கால் நிமிஷம் பொறுத்து, அப்புறம் மீதியை ஊற்றுங்கள். தெருமுனைப் பொடிக்கு இது தேவைப்பட்டதே இல்லையே என்றால், அதில் வாயு எப்போதோ போய்விட்டது.

டிகாஷன் தண்ணியாக இருக்கிறது

சங்கத்துக் காபி வாங்கின யாரைக் கேட்டாலும் முதல் புகார் இதுதான். 'கள்ளிச்சொட்டு மாதிரி வரலையே.' வராது. அந்தக் கெட்டியும் கருப்பும் பெருமளவு சிக்கரி கொடுத்தது. காபியில் தண்ணீரில் கரைவது சுமார் முப்பது சதவீதம்தான், வறுத்த சிக்கரி வேர் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கரையும். சட்டப்படி காபி சிக்கரி கலவையில் 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கலாம், பாக்கெட்டில் அளவைப் போட்டாக வேண்டும், அவ்வளவுதான். உங்கள் பழைய பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். நான் பார்த்த அன்றைக்குத்தான் இத்தனை வருஷமாக எதைக் காபி என்று குடித்துக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது. சிக்கரி மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, சாயங்காலக் காபிக்கு இன்றும் அதேதான்.

சிக்கரி இல்லாத பொடிக்கு அளவைக் கூட்ட வேண்டும். 30 கிராம் பொடிக்கு 150 மில்லி கொதிநீர் ஊற்றினால், பொடி தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், கீழே 90 மில்லி இறங்கும். இது இரண்டு பேருக்குப் போதும். ஸ்பூன் கணக்கு இங்கே ஏமாற்றும், ஏனென்றால் இளம் வறுவல் பொடி கனம், கரு வறுவல் பொடி லேசு. 300 ரூபாய்க்குச் சின்ன எலக்ட்ரானிக் தராசு கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள். இரண்டாவது டிகாஷன் இந்தக் காபியில் தேறாது. கசப்பும் மரவாசனையும்தான் மிச்சம்.

புளிக்கிறது

இங்கேதான் பொறுமையாகப் பார்க்க வேண்டும், புளிப்பில் மூன்று ஜாதி இருக்கிறது.

முதலாவது சாத்துக்குடி மாதிரி, நாக்கின் ஓரத்தில் பட்டுக் கொஞ்ச நேரத்தில் இனிப்பாக மாறிப் போகும் புளிப்பு. உயரத்தில் விளைந்து, பழம் தோலுரித்து, ஊறவைத்துக் கழுவிய அரபிகாவின் குணம் இது, குறை இல்லை. தரம் பார்ப்பவர்கள் இதற்குத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் அடுத்த முறை நடுத்தரத்துக்கு மேலான வறுவல் கேளுங்கள், கொட்டையைத் திட்டாதீர்கள்.

இரண்டாவது, பச்சை மாங்காயைக் கடித்த மாதிரி, பல் கூசி, உப்புக்கரித்து, பின்னால் ஒன்றுமே இல்லாமல் போகும் புளிப்பு. கொட்டையின் சத்து தண்ணீரில் சரியாக இறங்கவில்லை என்று அர்த்தம். இளம் வறுவல் கொட்டை கெட்டியானது, சத்தை லேசில் விடாது. நம் வீடுகளில் வெந்நீரைப் போட்டுவிட்டு, பாலைப் பார்த்துவிட்டு, வாசலில் பேப்பரை எடுத்துவிட்டு வந்து ஊற்றுவோம், அதற்குள் ஆறியிருக்கும். கொதிக்கக் கொதிக்க ஊற்றுங்கள், பில்டரையும் முதலில் வெந்நீரில் கழுவிச் சூடாக்குங்கள், அரைவையை ஒரு படி பொடிசாக்குங்கள். என் முதல் நாள் புளிப்பு இதுதான் என்று பிறகு தெரிந்தது.

மூன்றாவது, வினிகர் அல்லது நாலு நாள் இட்லி மாவு. டம்ளர் சோதனையிலும் இது வந்தால் மலையில் ஏதோ நடந்திருக்கிறது. பறித்த பழம் அன்றைக்கே பல்ப்பருக்குப் போக வேண்டும், மூட்டையில் கட்டி ராத்திரி கிடந்தால் உள்ளேயே சூடேறிப் புளிக்கும். ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவர் காலையில் பறிக்க ஆரம்பித்து, சாயங்காலம் ஜீப் வருவதற்குக் காத்திருந்து, ஜீப் வராமல் போனால் என்ன செய்வார்? பல்ப்பரில் தோல் உரித்த பிறகும் வழவழப்பு போகத் தொட்டியில் ஊற வேண்டும், குளிருக்குத் தகுந்தபடி அரை நாளிலிருந்து ஒன்றரை நாள் வரை ஆகும். கையில் எடுத்துத் தேய்த்தால் கூழாங்கல் மாதிரி கரகரப்பு வந்ததும் கழுவிவிட வேண்டும். தாண்டினால் வினிகர். ஆனால் புகார் செய்வதற்கு முன் பையைத் திருப்பிப் பாருங்கள். 'நேச்சுரல்' என்றோ 'அனரோபிக்' என்றோ போட்டிருந்தால் பழத்தோடு உலர்த்தியது அல்லது காற்றுப் புகாமல் நொதிக்க வைத்தது, பலாப்பழம், ஒயின் வாசனை எல்லாம் வேண்டுமென்றே வரவழைத்தவை. எனக்கு அந்தப் பலாப்பழ வாசனை ஆகாது. பிடித்தவர்கள் உயிரை விடுகிறார்கள்.

பால் திரிகிறது

பால் தனியாகக் காய்ச்சினால் ஒன்றும் ஆகவில்லை, டிகாஷனை ஊற்றினதும் பூப்பூவாகத் திரிகிறது. வீட்டில் சண்டை வரவைக்கக்கூடிய அறிகுறி இது.

காபியின் அமிலம் ஒரு காரணம், பாலின் வயசு இன்னொன்று, இரண்டும் சேர வேண்டும். இளம் வறுவல் அரபிகா டிகாஷனுக்கு அமிலத்தன்மை அதிகம், நாம் பழகிய கரு வறுவல், ரொபஸ்டா (அரபிகா போல இன்னொரு காபி ஜாதி), சிக்கரி கலவைக்கு அது குறைவு. பால் புதுசாக இருந்தால் இந்த அமிலத்தைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் சென்னையில் பாக்கெட் பால் விடியற்காலை நாலரைக்கு வாசல் பைக்குள் விழுகிறது, நாம் ஆறரைக்கு எடுக்கிறோம், மே மாதத்தில் அந்த இரண்டு மணி நேரத்தில் பால் ருசியில் தெரியாத அளவுக்கு ஒரு படி புளிப்பு ஏறிவிடும். தனியாகக் காய்ச்சினால் தாங்கும், அமில டிகாஷனும் கொதிசூடும் சேர்ந்தால் தாங்காது.

அதனால் பாலை வந்ததும் எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பொங்கியதும் இறக்கி ஒரு நிமிஷம் விட்டு, டிகாஷனை ஊற்றுங்கள். நேற்றைய டிகாஷனை இன்றைக்குச் சூடு பண்ணவே பண்ணாதீர்கள், வைக்க வைக்க அது இன்னும் புளிக்கும். அப்படியும் திரிந்தால் அந்த வறுவல் பாலுக்கு ஆகாது, பால் இல்லாமல் குடித்துத் தீருங்கள்.

என் சொந்த அபிப்பிராயம், சுத்தக்காரர்கள் அடிக்க வருவார்கள்: பால் காபிக்குச் சங்கத்து அரபிகாவை நடுத்தரத்துக்கு மேல் வறுக்கச் சொல்லி, நல்லபடி கழுவி உலர்த்திய வயநாட்டு ரொபஸ்டாவை நாலில் ஒரு பங்கு சேர்த்தால் கெட்டியும் வரும், மணமும் நிற்கும், பாலும் பிழைக்கும்.

வேர்க்கடலைத் தோல், அட்டைப்பெட்டி ருசி

ஒரு வெள்ளைத் தட்டில் நூறு கிராம் கொட்டையைப் பரப்பி ஜன்னலோரம் வையுங்கள். எல்லாம் ஒரே பழுப்பாக இருக்க, நடுவே சிலது மட்டும் வெளிறி, வறுத்த கடலை நிறத்தில் தெரிகிறதா? அதில் ஒன்றைக் கடித்துப் பாருங்கள், மற்றது மாதிரி நொறுங்கும், ஆனால் வாயில் வெறும் உமி. காய்வெட்டாகப் பறித்த கொட்டை அது. உள்ளே சர்க்கரை சேரவில்லை, அதனால் எவ்வளவு வறுத்தாலும் நிறம் ஏறாது. பச்சைக் கொட்டையில் இதைக் கண்ணால் பிரிப்பது கஷ்டம், வறுத்த பிறகுதான் காட்டிக்கொடுக்கும்.

நூறு கிராமில் இரண்டு மூன்று இருந்தால் பொறுக்கிப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். பதினைந்து இருபது என்றால் அந்த லாட்டில் பறிப்பு சரியில்லை.

காபிப்பழம் ஒரு கொத்தில் ஒரே நாளில் பழுக்காது. ஒரே செடிக்கு மூன்று நான்கு தடவை திரும்பத் திரும்ப வந்து சிவப்பை மட்டும் பறிக்க வேண்டும். ஆள் கூலி ஒவ்வொரு தடவைக்கும். ஆறு கிலோ பழம் பறித்தால் ஒரு கிலோ பச்சைக் கொட்டை கிடைத்தால் பெரிய விஷயம், வறுத்தால் அதிலும் ஆறில் ஒரு பங்கு எடை போகும். கூலிக்கு ஆள் கிடைக்காத வருஷம், சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாவற்றையும் கையால் உருவி எடுத்துவிடுவார்கள். சங்கம் என்று ஒன்று தேவைப்படுவதே இங்கேதான். சிவப்புப் பழத்துக்குத் தனி விலை கொடுத்து, கொண்டுவந்ததைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டி மிதப்பதை ஒதுக்கி, அன்றைக்கே பல்ப்பரில் விட்டால் தனி ஆளால் முடியாதது முடிகிறது. அரக்குப் பள்ளத்தாக்கில் பழங்குடி விவசாயிகளின் காபி பெயர் வாங்கியது இப்படித்தான்: சின்னச் சின்னத் துண்டு நிலம், 900 முதல் 1100 மீட்டர் உயரம், பழத்தை ஓரிடத்தில் வாங்கிப் பதப்படுத்துவது. 2017-இல் பாரிஸில் அந்தப் பெயரில் கடையே திறந்தார்கள், 2019-இல் கூர்க், சிக்கமகளூர், பாபாபுடன்கிரி, வயநாட்டு ரொபஸ்டாவோடு சேர்த்து அரக்கு அரபிகாவுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது.

மருந்து வாசனை

ஆஸ்பத்திரி வராந்தா வாசனை என்றால் முதலில் குழாய்த் தண்ணீரில் குளோரின். ஒரு பாத்திரத்தில் பிடித்து ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தாலோ நன்றாகக் கொதிக்க வைத்தாலோ பெரும்பாலும் போய்விடும். பாட்டில் தண்ணீரிலும் அதே வாசனை வந்து, அதுவும் ஐந்தில் ஒரு டம்ளரில் மட்டும் வந்தால் அது கொட்டையில் உள்ள குறை, உங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

சாக்கு, மண், பூஞ்சை

இதற்கு இரண்டு முகவரி. ஒன்று உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி. சாம்பார் பொடியும் பெருங்காயமும் பாதி வெட்டின வெங்காயமும் இருக்கிற இடத்தில் காபியைத் திறந்து வைத்தால் என்ன ஆகும்? அதை விட மோசம், சில்லென்ற டப்பாவை வெளியே எடுத்துத் திறந்ததும் சென்னைக் காற்றின் ஈரம் மொத்தமும் பொடி மேல் வியர்க்கும். கொட்டையாகவே வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில், அடுப்பை விட்டுத் தள்ளி, அலமாரிக்குள் வையுங்கள், அரைத்தது ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். நிறைய வாங்கிவிட்டால் வாரத்துக்கு ஒன்றாகச் சின்னப் பைகளில் கட்டி உறைபெட்டியில் போட்டு, எடுத்த பையை அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறங்கள், திரும்ப உள்ளே வைக்காதீர்கள்.

இரண்டாவது முகவரி களம். கழுவிய கொட்டை மேலோட்டோடு களத்திலோ உயர்த்திக் கட்டிய வலைப் பந்தலிலோ ஒரு வாரம் பத்து நாள் காய்ந்து, ஈரம் பத்துப் பதினொரு சதவீதத்துக்கு இறங்க வேண்டும். பழத்தோடு காயப்போட்டால் இரண்டு வாரத்துக்கு மேல். பழனி மலை, ஏற்காடு, கொல்லிமலை எல்லாம் வடகிழக்குப் பருவமழை வாங்கும் இடங்கள், பறிப்பும் அதே சமயம்தான் ஆரம்பிக்கும். நவம்பரில் நமக்கு டிவியில் 'பள்ளிகளுக்கு விடுமுறை' ஓடும்போது அங்கே தார்ப்பாயை மூடுவதும் திறப்பதுமாக ஓடிக்கொண்டிருப்பார்கள். மூடின தார்ப்பாய்க்குள் இரண்டு நாள் காற்றில்லாமல் கிடந்தால் பூஞ்சை வாசனை ஒட்டிக்கொள்ளும், பிறகு எந்த வெயிலும் அதைப் போக்காது.

பையில் 'மான்சூன் மலபார்' என்று இருந்தால் மட்டும் இந்தப் பகுதியே உங்களுக்கு இல்லை. அது மேற்குக் கரையில் மழைக்காற்றை வேண்டுமென்றே வாங்க வைத்த காபி, அந்த வாசனைக்காகவே விற்கிறது.

ஒரு மணமும் இல்லை, சப்பென்று இருக்கிறது

வறுத்த தேதி இல்லாத பை என்றால் விட்டுவிடுங்கள், பழசு. தேதி புதுசாக இருந்தும் சப்பென்று இருந்தால் தண்ணீர்.

எங்கள் போர் தண்ணீர் டிடிஎஸ் மீட்டரில் (தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் கருவி) 1,140 காட்டியது. கேன் தண்ணீர் 35. காபிக்கு 150 சுற்றுவட்டாரம்தான் நல்லது, 75-லிருந்து 250 வரை சமாளிக்கலாம். போர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புக் காரம் காபியின் நல்ல புளிப்பையெல்லாம் தின்றுவிட்டுச் சுண்ணாம்படித்த சுவர் மாதிரி ஆக்கிவிடும். கொதிக்க வைத்து ஆறவிட்டுத் தெளிவை இறுத்தால் சுண்ணாம்பில் ஒரு பகுதி அடியில் தங்கும், உப்புத் தங்காது. கேன் தண்ணீரிலோ பிடித்து இழுக்க ஒன்றும் இல்லாமல் காபி மெலிந்து தெரியும். நான் இரண்டையும் கலக்கிறேன், எட்டுப் பங்கு கேன், ஒரு பங்கு போர். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக 150 பக்கம் வரும். உங்கள் வீட்டு எண்ணை வைத்து நீங்கள் போடுங்கள், நெம்மேலி கடல்நீர் ஆலைத் தண்ணீர் வரும் தெருவும் செம்பரம்பாக்கம் தண்ணீர் வரும் தெருவும் ஒன்றாக இருக்காது.

இதில் சேராத ஒன்று. மயிலாப்பூரில் ஒரு அரைவைக் கடையில் கொட்டையைக் கொடுத்தேன். "சிக்கரி எவ்வளவு சார்?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன், மேலும் கீழும் பார்த்தார், அரைத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தால் டிகாஷனில் வெல்லப்பாகு வாசனை. எனக்கு முன்னால் போனவருடைய சிக்கரி மெஷினுக்குள் மிச்சம் இருந்திருக்கிறது. இப்போது முதலில் ஒரு கைப்பிடி கொட்டையை ஓட்டி அதைத் தள்ளிவிட்டு மீதியை அரைக்கச் சொல்கிறேன். கையால் சுற்றும் சின்ன அரைவை மெஷின் வாங்கினது அதற்குப் பிறகு.

ஒவ்வொரு பையும் ஒவ்வொரு மாதிரி

இந்தியாவில் காபி பயிரிடுபவர்களில் 98 சதவீதத்துக்கும் மேல் பத்து ஹெக்டேருக்குக் குறைவாக வைத்திருப்பவர்கள். சங்கத்துத் தொட்டியில் ஒரே நாளில் நாற்பது ஐம்பது வீட்டுப் பழம் விழும், நாளைக்கு வேறு நாற்பது. மாறத்தான் செய்யும். பிடித்த பையின் லாட் எண்ணைக் குறித்து வைத்து அதையே கேளுங்கள்.

புகார் சொல்வதென்றால் லாட் எண், வறுத்த தேதி, என்ன தண்ணீர், டம்ளர் ஐந்தில் எத்தனை கெட்டது, வெளிறிய கொட்டையைத் தட்டில் பிரித்து வைத்து ஒரு போட்டோ, இவ்வளவும் அனுப்புங்கள். இரண்டாவது பையில் எனக்கு ஐந்தில் இரண்டு டம்ளர் பூஞ்சை அடித்தது, இப்படித்தான் அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் செயலாளரே கூப்பிட்டார். "அது நவம்பர் கடைசிப் பறிப்பு சார், மூணு நாள் மழை, களத்துல மூடியே கிடந்துச்சு. தனியா பிரிச்சிருக்கணும், கலந்துட்டாங்க." பணம் தருகிறேன் என்றார், வேண்டாம் அண்ணே, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அடுத்த பையில் சிவப்பு மையில் 'ஜனவரிப் பறிப்பு' என்று எழுதி வந்தது. ஐந்து டம்ளரும் சுத்தம், ஆறினபின் பனங்கற்கண்டு மாதிரி ஓர் இனிப்பு. பால் மட்டும் அன்றைக்கும் திரிந்தது. பாக்கெட்டை ஏழரை மணி வரை வாசலிலேயே விட்டிருந்தேன்.